பேராயர் லூயி மத்தியாஸ்: இணைந்தவையும் இணையாதவையும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிக் கத்தோலிக்கர்கள் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அதன் முதல் பேராயர் லூயி மத்தியாஸ்.

1887இல் பாரிஸில் பிறந்த இவர், சலேசிய சபைத் துறவியானார். 1922இல் அச்சபையின் குழுவுக்குத் தலைமையேற்று அசாம் வந்து, பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். 1934இல் ஷில்லாங் ஆயரானார். மறு ஆண்டே சென்னைப் பேராயராக அனுப்பப்பட்டார்.

அன்று ஒரே நகரில் இரு மறைமாவட்டங்கள் இருந்தன. சென்னை நேரடியாக ரோமாபுரியின் பொறுப்பில். மயிலையோ போர்ச்சுகீசிய அரசுரிமையின் வழிவந்தது. 1952இல் இரண்டும் ஒன்றாயின. மத்தியாஸ் 1965 ஆகஸ்டில் இத்தாலியில் மறைந்தார்.

அவர் பேராயராக இருந்தபோதுதான் 1950 ஆகஸ்ட் 10 அன்று, குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதியினர் ஆணை வந்தது. ஒரே சேரி, ஒரே கூலிவேலை, ஒரே தீண்டாமை. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற தலித்துகள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். தனித்தொகுதியில் போட்டியிட முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைக்காது.

அரசை மட்டும் குறைசொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. தமிழகத்தில் சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் இன்னும் உள்ளன. இரு மறைமாவட்டங்களை இணைக்கத் தெரிந்த திருச்சபைக்கு, ஓர் ஊரின் இரு கல்லறைகளை இணைப்பது முடியாத காரியமா? நாம் கேட்கத்தான் வேண்டும்.