முடியும் சதங்கையும்

அழகிப் போட்டி என்றதும் நம்மவருட் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். வேறு சிலர் படத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டுவர். அப்போட்டியில் முடிசூடிய பெண் பின்னர் என்ன ஆனாள், எவ்வாறு வாழ்ந்தாள் என்று கேட்பார் அரியர். அவ்வாறு கேட்கத் தக்க வாழ்வொன்று உண்டு. 1952ஆம் ஆண்டில் இந்திய அழகியாகத் தெரிவுசெய்யப்பட்ட இந்திராணி ரஹ்மான் என்னும் நடனக் கலைஞரின் வாழ்வே அது.

அன்னாரின் கதை அவருடைய தாயாரிடமிருந்து தொடங்குகின்றது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே பிறந்த எஸ்தர் லுயெல்லா ஷெர்மன் என்னும் வெள்ளைக்காரப் பெண்மணி, இந்திய நடனத்தின்மீது கொண்ட காதலால் தமது பெயரையே ராகினி தேவி என மாற்றிக்கொண்டார். இந்தியரான ராம்லால் பாஜ்பாய் என்னும் இரசாயன விஞ்ஞானியை மணந்தார். 1930இல் கணவரைப் பிரிந்து தென்னிந்தியாவுக்கு வந்தார். ஆலயத்து ஆடற்கலை இழிதொழிலெனத் தூற்றப்பட்ட காலம் அது. உயர்குலத்தோர் என்று தம்மை எண்ணியோர் அக்கலையை ஏறெடுத்தும் பாராதிருந்த அந்நாளிலே, அயல்நாட்டுப் பெண்ணொருவர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் சதிர் பயின்றார் என்பது வியப்புக்குரியது. பின்னர் கேரள கலாமண்டலத்திற் கதகளி கற்று, கோபிநாத் என்னும் கலைஞரோடு இணைந்து பல ஊர்களில் ஆடினார்.

1930 செப்டெம்பர் 19ஆம் திகதி பிறந்த மகள் இந்திராணி, தாயின் சதங்கை ஒலியைக் கேட்டே வளர்ந்தார். நிலையான வீடு என்று சொல்வதற்கு ஒன்றில்லாத இளமை. தாயார் ஆடச் செல்லும் ஊரெல்லாம் மகளும் செல்வார்; கடல்கடந்த நாடுகளின் மேடைகளையும் சிறு வயதிலேயே கண்டார்.

1945இல், பதினைந்து வயது நிரம்பும் காலத்தே, வங்காளத்து இஸ்லாமியரான ஹபீப் ரஹ்மான் என்னும் கட்டடக் கலைஞரை மணந்தார். அமெரிக்காவிற் கல்வி கற்று மீண்டவர் ஹபீப். பராக்பூரிலுள்ள காந்தி கட்டத்தையும், பின்னாளில் டில்லியின் ரவீந்திர பவனத்தையும் வடிவமைத்தவர் அவரே. மதத்தின் பெயரால் நாடு பிளவுறவிருந்த வேளையில் மதம் கடந்து நிகழ்ந்த திருமணம் அது. அடுத்த ஆண்டிலே சுகன்யா என்னும் மகள் பிறந்தார்.

பதினாறு வயதில் மனைவி, தாய். நம் சமூகத்துப் பெண்ணுக்கு இவ்விடத்திற் கலைக்கதை முடிந்துவிடும். இந்திராணிக்கோ இங்கேதான் தொடங்கிற்று. பந்தணைநல்லூர் மரபின் பேராசானாகிய சொக்கலிங்கம் பிள்ளையிடம் அவர் பரதநாட்டியம் பயின்றார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருகர் அவர். கறாரான ஆசிரியர் எனப் பெயர்பெற்றவர். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்து சென்னை மாகாணம் 1947இற் சட்டமியற்றிய காலத்தை ஒட்டி, அந்த மரபின் செல்வத்தை ஒரு நட்டுவனாரின் காலடியிலமர்ந்து அந்த இளந்தாய் பெற்றுக்கொண்டார்.

இனி அழகிப் போட்டியின் வரலாற்றுக்கு வருவோம். இந்தியா சுதந்திரமடைந்த 1947ஆம் ஆண்டிலேயே இந்திய அழகி என்னும் பட்டம் பிரமிளா என்ற திரைப்பெயர் பூண்ட எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம் என்பாருக்குச் சூட்டப்பட்டது. கல்கத்தாவின் யூதக் குடும்பத்திற் பிறந்த நடிகை அவர். அப்போது முப்பது வயதினர். அவரும் ஒரு தாயே. இருபது ஆண்டுகள் கழித்து, 1967இல், அவருடைய மகள் நக்கி ஜஹானும் அதே பட்டத்தைப் பெற்றார்.

இதற்கிடையே அமெரிக்காவிலும் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. அமெரிக்க அழகியாக முடிசூடிய யோலண்டா பெட்பீஸ் என்னும் பாடகி, போட்டிக்கு ஆதரவளித்த நிறுவனத்தின் நீச்சலுடையை அணிந்து படங்களுக்கு நிற்க மறுத்துவிட்டார். சினமுற்ற நிறுவனத்தார் அப்போட்டியை விட்டு விலகித் தாமே புதிதாக ஒன்றைத் தொடங்கினர். பிரபஞ்ச அழகிப் போட்டி இவ்வாறு தோன்றியதே. உலக அழகிப் போட்டி அதற்கு முந்திய ஆண்டில் லண்டனில் எரிக் மோர்லி என்பவராற் தொடங்கப்பெற்றது. ஒரு பெண்ணின் மறுப்பிலிருந்தும் வியாபாரிகளின் கோபத்திலிருந்தும் பிறந்த பிரபஞ்ச அழகிப் போட்டியே நாளடைவிற் பெரும் புகழ் பெற்றது என்பது நகைப்புக்கிடமானது.

அதன் முதற்போட்டி 1952 ஜூன் மாதத்திற் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில் நடைபெற்றது. முப்பது அழகிகள் கலந்துகொண்டனர். இந்தியாவின் சார்பிற் சென்றவர் இந்திராணி. மணமானவர், ஆறு வயதை அணுகிய பெண்குழந்தையின் தாய். நெற்றியிற் பொட்டும் கூந்தலிற் பூவுமாக அவர் நீச்சலுடையில் நின்றார். முடி பின்லாந்து நாட்டு ஆர்மி கூசெலாவுக்குச் சென்றது. எனினும் இந்திராணி இழந்ததென்று எதுவுமில்லை. அவருக்கு வேண்டிய முடி வேறிடத்தில் இருந்தது.

நம் நாட்டு வாசகர்க்கு ஒரு செய்தி. அதே லோங் பீச் மேடையில் 1955இல் இலங்கை அழகியாகச் சென்ற மொரீன் ஹிங்கேர்ட் மூன்றாம் இடத்தைப் பெற்றார். பின்னர் அமெரிக்கத் திரைப்படங்களிலும் அவர் நடித்தார்.

முடிசூடியோர்க்குத் திரையுலகின் கதவு திறப்பது வழக்கம். இந்திராணியோ கிழக்கு நோக்கி, ஒரிசா என அந்நாளில் வழங்கிய மாநிலத்துக்குச் சென்றார். ஹங்கேரியிற் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த சார்ல்ஸ் ஃபாப்ரி என்னும் கலை விமர்சகர், ஒடிஸி நடனத்தின் அருமையை உணர்ந்து, அதனைக் கற்குமாறு அவரைத் தூண்டினார். ஆலயங்களிலும் கிராமங்களிலும் ஒதுங்கிக் கிடந்த அக்கலையை அப்போது வெளியுலகம் அறியாது. தேபபிரசாத் தாஸ் என்னும் குருவிடம் அவர் 1957ஆம் ஆண்டளவிற் பயிலத் தொடங்கினார். ஏற்கெனவே பெயர்பெற்ற ஒருவர் மீண்டும் மாணவியாக அமர்வது எளிதன்று. அவ்வாறு அமர்ந்தார், கற்றதை டில்லிக்கும் கடல்கடந்த அரங்குகளுக்கும் கொண்டுசென்றார். ஒடிஸி இன்று உலகறிந்த நடனமாக விளங்குவதற்குக் காரணமானோர் வரிசையில் அவருக்கு உறுதியான இடமுண்டு. கோரட நரசிம்மராவிடம் பயின்ற குச்சுப்புடியையும் அவ்வாறே பல நாடுகளில் ஆடிக் காட்டினார்.

1961இல் ஆசியா சொசைட்டி என்னும் அமைப்பு அவரை அமெரிக்கா முழுவதும் ஆடச் செய்தது. அவ்வாண்டில் நேரு அமெரிக்கா சென்றிருந்தபோது, ஜனாதிபதி கென்னடியும் அவரும் காண வொஷிங்டனில் ஆடினார். ஒன்பதாண்டுகளுக்கு முன் நீச்சலுடையிற் கண்ட அதே நாடு, இப்போது அவரைச் சதங்கையோடு கண்டது. 1969இற் பத்மஸ்ரீ விருதும், 1981இற் சங்கீத நாடக அக்கடமி விருதும் அவரை வந்தடைந்தன. 1976 முதல் நியூயோர்க்கின் ஜூலியார்ட் கலைக்கல்லூரியில் ஆசிரியையாகப் பணியாற்றினார். 1999 பெப்ரவரி 5ஆம் திகதி, அறுபத்தெட்டாவது வயதில், அந்நகரிலேயே காலமானார். மகள் சுகன்யாவும் நடனக் கலைஞரே. பாட்டி, தாய், தாம் என மூன்று தலைமுறையின் கதையை அவர் நூலாக எழுதியுள்ளார்.

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த அன்புவழிபுரத்தில் வாழும் யான் இவ்வாழ்வை எண்ணுவதற்கு ஒரு காரணமுண்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் பரதம் பயில்கின்றனர். வாணி விழாவிலும் பாடசாலைக் கலைவிழாவிலும் அவர்கள் ஆடும்போது பெற்றோர் பூரிக்கின்றனர். அந்தப் பூரிப்பு பெரும்பாலும் கலியாணப் பந்தல் மட்டுமே. தாலி ஏறியதும் சதங்கை பெட்டிக்குள் இறங்கிவிடுகின்றது. பிள்ளை பெற்றவளுக்கு இனி ஆட்டம் எதற்கு என்று கேட்போர், அவள் ஆடுவதைப் பார்த்து முன்வரிசையிலிருந்து கைதட்டியவர்களே. நன்றாக ஆடிய பெண்கள் சிலர் முப்பது வயதுக்குள் ஆடலை மறந்துபோனதை யான் கண்டிருக்கின்றேன்; அது எனக்குத் துயர் தருவது.

இதிலே விந்தை என்னவெனில், நாம் பழிக்கும் அழகிப் போட்டியும் இவ்விடயத்தில் நம்மைப் போன்றே நடந்துகொண்டது. பிற்காலத்தில் மணமானவர்க்கும் தாய்மார்க்கும் அங்கு இடமில்லை என விதி செய்தனர். 2023ஆம் ஆண்டுப் போட்டியிலேதான் அவ்விதி நீங்கிற்று. முதற் போட்டியிலேயே ஒரு தாய் நின்றாள் என்பதை அவர்களும் மறந்திருந்தனர் போலும்.

அழகிப் போட்டி வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு வழக்கு. அதனை வாசகர் தம் மனம்போல் முடிவு செய்யட்டும். பெண்ணை நிறுத்தி அளந்து பார்ப்பதை யான் விரும்புபவன் அல்லன். ஆயினும் ஒன்று கூறலாம். அம்முடியின் பவிசு ஓராண்டுக்கே. அடுத்த ஆண்டில் அது வேறொரு தலைக்குரியது. இந்திராணி காலிற் கட்டிய சதங்கையோ நாற்பதாண்டுக்கு மேல் ஒலித்தது. மனைவியாயும் தாயாயும் இருந்தபடியே ஒலித்தது. நம் வீட்டுப் பெட்டிகளுக்குள் உறங்கும் சதங்கைகளையும் ஒருமுறை எடுத்துத் துடைத்துப் பார்ப்பது நன்று.