கொடுமுடி கோகிலம்

'திருவிளையாடல்' படத்தில் ஔவையாராக வந்து பாடும் பாட்டியை டிவியில் பார்த்திருப்பீங்க. அவர்தான் கே.பி. சுந்தராம்பாள், நம்ம கொங்கு நாட்டுக்காரர்! அவரைப் பற்றி நான் படித்ததை எழுதுகிறேன்.

1908-ல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். அப்போது கொடுமுடி கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் வறுமை. ரயிலில் பாட்டுப் பாடிக் காசு சேர்த்தார். அந்தக் குரல்தான் அவரை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டது. 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் பையன் வேடம். பசி எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே!

அப்போது நாடக மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பாடணும். ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் மறுபடியும் பாடணும். கிராமபோன் தட்டில் அது நடக்காது. அரக்கில் செய்த அந்தக் கறுப்புத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். அதற்குள் பாட்டு முடியணும். சுந்தராம்பாள் கொலம்பியா கம்பெனிக்குப் பாடிக் கொடுத்தார். நாடகக் கொட்டகைக்குப் போக முடியாதவர்களும் பெட்டிக்குச் சாவி கொடுத்து, ஊசியை வைத்து, அவர் குரலைக் கேட்டார்கள்.

மேடையில் அவருக்கு இணையாகப் பாடியவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அவரையே மணந்தார். 1933-ல் கிட்டப்பா 27 வயதில் காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்றிலிருந்து வெள்ளைக் கதர்தான் கட்டினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

ஆனால் பாட்டை விடவில்லை. காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார். 1935-ல் 'நந்தனார்' படத்தில் அவரே நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். சம்பளம் 1 லட்சம் ரூபாய்! 1951-ல் சென்னை மேலவை உறுப்பினர் ஆனார். 1953-ல் 'ஔவையார்' படம் வந்தது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார்.

ஒன்று யோசித்துப் பாருங்க. சுந்தராம்பாளை நாம் சினிமாவில் பார்க்கலாம், கேட்கலாம். கிட்டப்பா சினிமாவில் நடித்ததே இல்லை. அந்த 3 நிமிடத் தட்டுகள் இல்லாவிட்டால் அவர் நமக்கு வெறும் பேர்தான். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடைந்துவிடும். ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரண் மேல் பழைய தட்டு ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுடாதீங்க. அதற்குள் யாரோ ஒருவர் இன்னும் பாடிக்கொண்டிருப்பார்!