பின்புறம் அமர்ந்து பாடியவர்

எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள வருகிற ஊர் என்று எங்கள் புத்தூரை எல்லாரும் அறிவர். அங்கே நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது தெலுங்கு. என் பாட்டி அடுக்களையில் தியாகராசர் கீர்த்தனைகளை இனிமையாகப் பாடுவார். கூடத்தில் ஆள் அரவம் கேட்டால் சட்டென்று நிறுத்திவிடுவார். குடும்பப் பெண் பாடுவதைப் பிறர் கேட்கலாகாது என்று வளர்க்கப்பட்டவர் அவர். பெங்களூர் நாகரத்தினம்மாளின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது பாட்டியின் நினைவுதான்.

அம்மையார் 1878-இல் மைசூர்ச் சீமையைச் சேர்ந்த நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் பிறந்தவர். ஆதரவற்ற நிலையிலும் தாயார் புட்டலட்சுமி அம்மாள் மகளுக்கு இசையும் மொழிகளும் கற்பித்தார். பின்னர்ச் சென்னையில் குடியேறிய அம்மையாருக்குக் கச்சேரிகளாலும் இசைத்தட்டுகளாலும் புகழும் பொருளும் சேர்ந்தன.

ஆயினும் அவரை நான் மதிப்பது பாட்டுக்காக மட்டும் அன்று. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி என்ற தாசி இருந்தார். அவர் தெலுங்கில் எழுதிய காவியம் ‘ராதிகா சாந்த்வனம்’. முன்பு அதை அச்சிட்டவர்கள் பல பாடல்களை நீக்கியிருந்தார்கள். அம்மையார் சுவடியைத் தேடிப்பிடித்து, 1910-இல் முழு நூலையும் பதிப்பித்தார். சிருங்காரம் ஆண் எழுதினால் இலக்கியம், பெண் எழுதினால் ஆபாசமா என்று முன்னுரையில் துணிந்து கேட்டார். 1911-இல் அரசாங்கம் நூலைத் தடைசெய்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தங்குதூரி பிரகாசம்தான் அத்தடையை நீக்கினார்.

இனித் திருவையாறு. 1847-இல் மறைந்த தியாகராசரின் சமாதி புதர் மண்டிக் கிடப்பதை அறிந்த அம்மையார், 1921-இல் அங்கே திருப்பணியைத் தொடங்கினார். நகைகளையும் சொத்துகளையும் விற்றுப் பணம் தேடினார். 1925-இல் குடமுழுக்கும் நடந்தது. ஆனால் ஆண்டுதோறும் ஆராதனை நடத்தியவர்கள் ஆண்கள்! பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று தமக்குள் பிரிந்திருந்த அவர்கள், பெண்களைப் பாடவிடக் கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமையாய் இருந்தார்கள். அம்மையார் ஊரை விட்டுப் போய்விடவில்லை. தம் இனப் பெண்களைத் திரட்டி, 1927 முதல் சந்நிதியின் பின்புறத்தில் அமர்ந்து தனியே ஆராதனை நடத்தினார்.

அமெரிக்காவில் மேரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்கு 1939-இல் வாஷிங்டன் நகரத்து அரங்கம் ஒன்று மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று 75,000 பேர் கேட்கப் பாடினார். அவருக்கு இடம் மறுத்தவர்கள் அந்த அரங்கின் உரிமையாளர்களாவது ஆவார்கள். நம் அம்மையாரைத் தள்ளிவைத்ததோ, அவரே தம் பொருளைக் கொட்டி எழுப்பிய கட்டடம்!

1940-ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றுசேர்ந்தன. பெண்களுக்கும் முன்புறத்தில் இடம் கிடைத்தது. கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்த அம்மையார் 1952-ஆம் ஆண்டு மே 19 அன்று காலமானார்.

ஒரு தை மாதம் நான் ஆராதனைக்குப் போயிருந்தேன். ஆண்களும் பெண்களும் நூற்றுக்கணக்கில் எதிரெதிரே அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடினார்கள். கூட்டம் கலைந்தபின் அம்மையாரின் சமாதியைத் தேடினேன். தியாகராசர் சந்நிதியைப் பார்த்தபடி, கைகூப்பி அமர்ந்திருந்தது அவரது சிலை. பாட்டிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஊர் திரும்பியதும் சொன்னேன். அன்று மாலை கூடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அடுக்களையில் பாட்டு நிற்கவில்லை.