நீலகிரிச் செடியும் வெள்ளைக்கார டாக்டரும்

டாக்டர் ராபர்ட் ஒயிட் 1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். 1819-ல் கும்பெனி வைத்தியராகத் தென்னாட்டுக்கு வந்தார். ஓய்ந்த நேரமெல்லாம் செடி கொடிகள்தான்.

நீலகிரியில் தவிட்டுப்பழச் செடி உண்டு. அடையாளம் சுலபம். இலைகள் எதிரெதிராக இருக்கும். ஒவ்வோர் இலையிலும் நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும். அடிப்புறம் பஞ்சு போல் மெத்தென்று இருக்கும். பூ ரோஜா நிறம், ஐந்து இதழ். பழம் கறுத்த ஊதா. தலையில் சிறு கிரீடம்!

வாயால் சொன்னால் மறந்துவிடும் அல்லவா? ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்களைக் கொண்டு ஒயிட் படம் எழுதுவித்தார். 1846-ல் வெளிவரத் தொடங்கிய அவரது நீலகிரிச் செடிப் புத்தகத்தில் தவிட்டுச் செடியும் வர்ணத்தில் வந்தது.

நம்மவர் பெயரைத் துரைமார்கள் எங்கே போட்டார்கள்? ஒயிட் போட்டார். ஓர் ஆர்க்கிட் செடிக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

1872-ல் இங்கிலாந்தில் அவர் காலமானார். பின்வந்த நிபுணர்கள் அந்த ஆர்க்கிட்டின் பெயரை மாற்றிவிட்டார்கள்.