குரலால் விண்ணளந்த சார்லஸ் சில்ட்டன்

மாலைப் பொழுதில் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பி இலங்கை வானொலியைத் தேடிப் பிடித்த தலைமுறை ஒன்று தமிழகத்தில் இருந்தது. தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரங்களும் அதற்கு விலக்கல்ல. தேநீர்க் கடைப் பலகையிலும், ஊராட்சி மன்றத் திண்ணையிலும், கேழ்வரகுக் களத்து ஓரத்திலும் கடல் கடந்து வந்த அந்தத் தமிழ்க்குரல் ஒலித்தது. 1952-இல் நடுவண் அமைச்சரான கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, கேட்போர் கூட்டம் கூட்டமாக இலங்கைப் பக்கம் திரும்பியது யாவரும் அறிந்த செய்தி.

அந்த ஒலிபரப்புக்கு இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் அறியார். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையில் இயங்கிய தென்கிழக்கு ஆசியப் படையினருக்காகக் கொழும்பில் ஒரு வானொலி நிலையம் நிறுவப்பட்டது. 'சியாக் வானொலி' என்பது அதன் பெயர். கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் அமைந்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி அதற்கு உரியது. போர் முடிந்து சில ஆண்டுகளில் நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. போர்வீரர்களுக்காக எழுப்பிய கருவிதான் பின்னர் தமிழ்ப்பாட்டையும் தமிழ் நாடகத்தையும் நம் முற்றத்துக்குக் கொண்டுவந்தது.

அந்தப் படைவானொலியில் பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவர் சார்லஸ் சில்ட்டன். பின்னாளில் ஆங்கில வானொலியில் பெரும்புகழ் பெற்ற அறிவியல் கற்பனை நாடகத்தைப் படைத்தவர் அவரே. தமிழர் காதுகளுக்கு நெருக்கமான ஒரு நிலையத்தின் தொட்டில் பருவத்தில் பங்குகொண்ட அவருடைய வாழ்க்கை, குரலை நம்பி வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கை ஆகும்.

சில்ட்டன் 1917-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் இலண்டன் மாநகரின் புளூம்ஸ்பரிப் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. தந்தை போர்முனைக்குச் சென்றிருந்தார். 1918-இல் பிரான்சு நாட்டின் அராஸ் நகரை அடுத்த போர்க்களத்தில் அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 19. மகனின் முகத்தைத் தந்தை பார்க்கவில்லை; தந்தையின் குரலை மகன் கேட்கவில்லை. தாயும் சில்ட்டனின் சிறுவயதிலேயே காலமானார். பேரனை வளர்க்கும் பொறுப்பு பாட்டியின் மடியில் விழுந்தது.

உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1932-இல், பதினைந்து வயதில், பி.பி.சி. நிறுவனத்தில் கடிதங்களையும் கோப்புகளையும் அறைக்கு அறை சுமந்து செல்லும் ஏவலராகச் சேர்ந்தார். அந்த மாளிகையின் நடைவழிகளே அவருக்குப் பள்ளியாயின. இசைத்தட்டு நூலகத்தில் வேலை கிடைத்தபோது, ஆயிரக்கணக்கான தட்டுகளுக்கிடையே ஒலியின் இயல்பைக் கற்றார். ஜாஸ் இசையில் தேர்ச்சி பெற்றார். ஏவலராக நுழைந்தவர் சில ஆண்டுகளில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக உயர்ந்தார். பல்கலைக்கழகப் பட்டமும் உயர்குடிப் பேச்சும் மதிக்கப்பட்ட அந்நிறுவனத்தில் இலண்டன் தெருவிலிருந்து வந்த ஓர் இளைஞர் இவ்வாறு உயர்ந்தது எளிய செயலன்று.

போர்க்காலத்தில் விமானப்படையில் சேர்ந்த அவர், இறுதிக் கட்டத்தில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கொழும்பு நிலையத்தில் அவரோடு பணியாற்றியவர் டேவிட் ஜேக்கப்ஸ் என்னும் இளம் அறிவிப்பாளர். ஊரையும் உறவையும் பிரிந்து காடுகளிலும் கப்பல்களிலும் கிடந்த வீரர்களுக்கு, இருளில் வரும் ஒரு குரல் எவ்வளவு பெரிய துணை என்பதை இருவரும் அங்கே கண்டனர். கொழும்பில் தொடங்கிய அந்த நட்பு அறுபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதன் கடைசிக் கனியைப் பின்னர் காண்போம்.

இலண்டன் திரும்பிய சில்ட்டன் 1949 முதல் அமெரிக்க மேற்குப் பகுதியின் மாடுமேய்ப்பர் வரலாற்றைப் பாட்டும் நாடகமுமாக வழங்கிய தொடரால் சிறுவர் முதல் பெரியோர் வரை அனைவரையும் ஈர்த்தார். அத்தொடர் முடிந்தபின், புதிதாக ஒன்று தேவை என்ற நிலையில், வானியலில் ஆர்வம் கொண்டிருந்த அவர் விண்வெளியைத் தேர்ந்தெடுத்தார். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 21, திங்கட்கிழமை மாலை, 'ஜர்னி இன்டு ஸ்பேஸ்', அதாவது 'விண்வெளிப் பயணம்', பி.பி.சி.யின் மெல்லிசை அலைவரிசையில் முதன்முறையாக ஒலித்தது.

காலத்தைக் கருதினால் இம்முயற்சியின் துணிவு விளங்கும். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது 1957 அக்டோபர் 4-இல். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலையில். செயற்கைக்கோள்கூட விண்ணில் ஏறாத நாளில், 1965-இல் நிலவுக்குச் செல்லும் நான்கு மனிதரின் கதையை வாரந்தோறும் சில்ட்டன் எழுதினார். கலத்தின் தலைவர் ஜெட் மார்கன், மருத்துவரும் நாட்குறிப்பு எழுதுபவருமான டாக் மேத்யூஸ், பொறியாளர் மிட்ச், வானொலிக் கருவியைக் கவனிக்கும் லெம்மி பார்னெட். லெம்மி இலண்டன் எளிய மக்களின் பேச்சு பேசுபவர்; அஞ்சுபவர்; அஞ்சிக்கொண்டே கடமையைச் செய்பவர். அந்தப் பாத்திரத்தில் சில்ட்டன் பிறந்த தெருவின் வாசனை இருந்தது. கேட்டவர்கள் லெம்மியைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே எண்ணினர்.

தொடக்க வாரங்களில் கதை தரையிலேயே நடந்தது. கேட்போர் தொகை குறைந்தது. கலம் விண்ணில் ஏறிய பிறகு நிலைமை தலைகீழானது. முதல் தொடர் 18 பகுதிகள் வரை நீண்டது. செவ்வாய்க் கோளைப் பற்றிய இரண்டாம் தொடர் 1954-55-இலும், உலகுக்கு வரும் ஆபத்தைப் பற்றிய மூன்றாம் தொடர் 1955-56-இலும் தலா 20 பகுதிகளாக வெளிவந்தன. இரண்டாம் தொடரில், பல்லாண்டுகளுக்கு முன் பூமியிலிருந்து மறைந்து செவ்வாயரின் வசப்பட்ட விட்டேக்கர் என்னும் மனிதர் வருவார். ஏற்ற இறக்கமின்றி, உணர்ச்சியின்றிப் பேசும் அவரது குரலைச் சிறுவயதில் கேட்டவர்கள், முதுமையிலும் அதை நினைத்துச் சிலிர்த்தார்கள்.

அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழா 1953 ஜூன் 2-இல் நடந்தபோது பிரித்தானிய மக்கள் பெருவாரியாகத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வாங்கினர். வானொலியின் பொற்காலம் முடிந்தது என்று பலர் முடிவுகட்டிய நேரம். அந்த நேரத்தில், அதே மாலைப் பொழுதில் தொலைக்காட்சி பார்த்தவர்களை விட மிகுதியான மக்களைத் தன்பால் இழுத்துக்கொண்ட கடைசி வானொலி நிகழ்ச்சி இதுவே என்று ஒலிபரப்பு வரலாற்றில் பேசப்படுகிறது. பல மொழிகளில் ஆக்கப்பட்டுப் பல நாடுகளில் இது ஒலித்தது. சில்ட்டனே இதனை மூன்று நாவல்களாகவும் எழுதினார்.

இந்த ஈர்ப்புக்குக் காரணம் என்ன? பி.பி.சி.யில் புதுமையான மின்னணு ஓசைகளை உருவாக்கும் தனிக்கூடம் 1958-இல்தான் அமைந்தது. அதற்கு முன் சில்ட்டனிடம் இருந்தவை நடிகர்களின் குரல், அன்றைய கூடத்தில் கிடைத்த ஓசைகள், வான் பிலிப்ஸ் அமைத்த இசை, இவற்றுக்கு நடுவே அளந்து வைத்த மௌனம் ஆகியவையே. கலத்தின் வெளியே ஒருவன் தனியே மிதக்கிறான் என்றால், அந்தக் காரிருளைக் கேட்பவனே தன் மனத்தில் விரித்துக்கொள்ள வேண்டும். நம் தெருக்கூத்தில் ஒரு திரையும் ஒரு விளக்கும் இருக்க, அரண்மனையையும் போர்க்களத்தையும் காண்பவர் தாமே படைத்துக்கொள்வது போன்றது இது. தான் பாதியைப் படைத்த உலகை யாரும் எளிதில் மறப்பதில்லை.

ஆனால் படைத்த நிறுவனமோ அதனை மறந்தது. ஒலிநாடாக்கள் விலையுயர்ந்த பொருளாய் இருந்த காலத்தில், ஒலிபரப்பு முடிந்தவற்றை அழித்து நாடாவை மீண்டும் பயன்படுத்துவது வழக்கம். 1953-இன் மூலத்தொடர் இவ்வாறே போயிற்று. வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்புவதற்காக 1958-இல் அக்கதையைச் சுருக்கி 13 பகுதிகளாகப் புதிதாக நடித்துப் பதிவு செய்திருந்தனர். அதுவும், பின்னிரு தொடர்களும் அடியோடு அழிந்தன என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. கேட்டவர்களோ விடவில்லை. நினைவில் இருந்த காட்சிகளைத் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். மறு ஒலிபரப்பு வேண்டுமென்று ஏங்கினார்கள். 1980-களின் நடுவில், வேறு பிரிவில் தவறாக வைக்கப்பட்டிருந்த ஒலித்தட்டுகள் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. மூன்று தொடர்களும் மீண்டும் வானலையில் ஏறின. முப்பதாண்டுக்குப் பின் அந்தக் குரல்களைக் கேட்டவர்கள், நினைவில் தாம் பேணியதும் தட்டில் இருந்ததும் ஒத்திருக்கக் கண்டு நெகிழ்ந்தனர்.

அழிந்த குரலைத் தேடும் வேட்கை சில்ட்டனின் வாழ்விலேயே இருந்தது. 1958-இல் பாட்டிக்காகத் தந்தையின் கல்லறையைப் படமெடுத்துவர அவர் அராஸ் நகருக்குச் சென்றார். அங்கே கல்லறை இல்லை. உடல் கிடைக்காத ஏறத்தாழ 35,000 வீரர்களின் பெயர்கள் செதுக்கிய நினைவுச் சுவர் இருந்தது. அவற்றுள் ஒன்று தந்தையின் பெயர். இத்தனை பேருக்கு ஒரு கல்லறைகூட மிஞ்சாத அளவுக்கு அங்கே என்ன நடந்தது என்ற கேள்வி அவரைத் துளைத்தது. அவ்வீரர்கள் பதுங்குகுழிகளில் பாடிய பாட்டுகளைத் தேடித் திரட்டினார். படைத்தலைவர்களின் பெருமிதமும் சாகப்போகும் இளைஞர்களின் எள்ளலும் அருகருகே ஒலிக்கும் வானொலி நிகழ்ச்சியை 1961-இல் வழங்கினார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1963-இல் ஜோன் லிட்டில்வுட் அம்மையார் 'ஓ வாட் எ லவ்லி வார்' என்னும் மேடை நாடகத்தை உருவாக்கினார். 1969-இல் அது திரைப்படமாயிற்று. இயக்கியவர், பின்னாளில் 'காந்தி' படத்தை எடுத்த ரிச்சர்ட் ஆட்டன்பரோ. முகமறியாத தந்தைக்கு மகன் எழுப்பிய நினைவுச் சின்னம் பாட்டாலும் குரலாலும் ஆனது.

1976-இல் பிரித்தானிய அரசின் எம்.பி.இ. விருது அவருக்கு வழங்கப்பட்டது. விண்வெளிக் கதையை அவர் கைவிடவில்லை. 1981-இல் ஒரு நாடகம் எழுதினார். 2008 ஏப்ரலில், தம் தொண்ணூறாம் வயதில் எழுதிய மற்றொன்று வானொலியில் வந்தது. அதில் தலைவர் ஜெட் மார்கனாக நடித்தவர் டேவிட் ஜேக்கப்ஸ். பழைய தொடர்களில் எண்ணற்ற சிறு வேடங்களுக்குக் குரல் கொடுத்த அந்தக் கொழும்புத் தோழர், எண்பத்தொரு வயதில் தலைமை வேடம் ஏற்றார். இளமையில் கேட்டவர்கள் தம் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து அதனைக் கேட்டனர். சில்ட்டன் 2013 ஜனவரி 2-இல், தமது 95-ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜேக்கப்ஸும் விடைபெற்றார்.

பட்டமின்றி, செல்வமின்றி, பெற்றோரின் அரவணைப்புமின்றித் தொடங்கிய ஒரு வாழ்க்கை இது. அவருடைய நாடகத்தை அழிவிலிருந்து மீட்டது ஒரு தட்டு தவறான இடத்தில் தங்கிவிட்ட தற்செயல். அதுவரை அதனை உயிரோடு வைத்திருந்தவர்கள், பெயர் தெரியாத கேட்போர். தற்செயலை நம்பி எந்த மொழியும் தன் குரல்களை விட்டுவைக்க இயலாது. தமிழ் வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த வீட்டுப் பரணிலோ ஓர் ஒலிநாடாவும், எந்தப் பெட்டியிலோ ஒரு நாடகப் பிரதியும் கிடக்கக்கூடும். அவற்றைத் தேடி எடுத்துக் காப்பதும், கேட்டவர் நினைவில் உள்ளதை இப்போதே எழுதி வைப்பதும் இலக்கிய அமைப்புகளின் கடமைகளுள் ஒன்று. நினைவுச் சுவரில் பெயராக மட்டும் எஞ்சிய ஒரு தந்தையின் மகன் தம் வாழ்நாள் முழுதும் செய்த பணியும் அதுவே.