ஆசிரியர் முதுமைக்கு அரண் செய்தவர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டின் முன்கூடத்தில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்று முருகப்பெருமான் படம். மற்றொன்று காமராசர் படம். பூவும் விளக்கும் முன்னதற்கே உரியன எனினும், வெள்ளிதோறும் என் அன்னையார் இரண்டையும் ஒரே துணியால் துடைப்பார். கடல் கடந்த நாட்டு முதலமைச்சருக்கு நம் வீட்டில் இடம் ஏன் என்று சிறுவனாகிய யான் ஒருநாள் வினவினேன். தம் தந்தையார் இறுதிவரை பிறர் கையை எதிர்பாராது உண்டமைக்கு அவரே காரணர் என்றார் அன்னையார். அவ்விடையின் பொருள், யானும் ஆசிரியத் தொழில் பூண்டு தலை நரைத்த பின்னரே எனக்கு முற்றும் விளங்கிற்று.

காமராசர் 1903ஆம் ஆண்டு யூலை 15ஆம் நாள், இன்று விருதுநகர் எனப்படும் விருதுபட்டியில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை வீட்டுக்குள் புகவே, ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமனின் துணிக்கடையே அவருக்குப் பள்ளியாயிற்று. நாட்டு விடுதலைப் போர் அவரை அங்கிருந்து ஈர்த்துக்கொண்டது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தவர், பின்னர்ப் பன்முறை சிறை சென்று, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளை அங்கே கழித்தார். மணம் செய்துகொண்டாரல்லர். 1940இல் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவரானார். 1954 ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார்.

தமக்குக் கிட்டாத கல்வி பிறர் பிள்ளைகளுக்குக் கிட்டவேண்டும் என்பதே அவருடைய ஆட்சியின் உயிர்நாடியாயிற்று. 1953இல் இராசாசி கொணர்ந்த அரைநாட் பள்ளித் திட்டத்தைப் பதவியேற்ற சில வாரங்களுள் கைவிட்டார். கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியமும், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவும் அவருக்கு இரு கைகளாயினர். சிற்றூர்கள்தோறும் பள்ளிகள் எழுந்தன. 1956 முதல் ஏழைச் சிறாருக்கு நண்பகல் உணவு வழங்கப்பட்டது.

பள்ளி எழுந்தாற் போதுமா? அதனுள் நிற்கும் ஆசிரியர் வயிறு வாடினால் பாடம் எங்ஙனம் வளரும்? என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் உதவி பெறும் தொடக்கப் பள்ளியொன்றில் பணியாற்றியவர். அரசாங்கப் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம் உண்டு. அதே பாடத்தை அதே வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பித்த உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கோ சேமநிதி ஒன்றே துணை. ஓய்வுபெறும் நாளில் ஒரு தொகை கைக்கு வரும். அத்துடன் உறவு முடியும். அப்பள்ளியின் மூத்த ஆசிரியர் ஒருவர் பெற்ற தொகை, மகளின் திருமணத்திலும் மனைவியின் நோயிலும் இரண்டே ஆண்டுகளிற் கரைந்ததாம். பின்னர் அவர் தம் பழைய மாணாக்கன் கடையிற் கணக்கெழுதி நின்றார். அக்கடைப் பக்கம் போக நேர்ந்தால், அவர் கண்ணிற் படாமலிருக்க என் பாட்டனார் வேறு தெருவாற் சுற்றிச் செல்வாராம்.

இந்நிலையை மாற்றிய திட்டம் 1955இல் வந்தது. சேமநிதி, ஆயுட் காப்புறுதி, ஓய்வூதியம் ஆகிய மூன்று நன்மைகளும் உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு ஒருங்கே அளிக்கப்பட்டன. சேமநிதி திரட்டிய பணத்தைத் தரும். காப்புறுதி இடையில் இறந்தவர் குடும்பத்தைத் தாங்கும். ஓய்வூதியமோ உயிருள்ளவரை மாதந்தோறும் வரும். தொகை பெரிதன்று. ஆயினும், ஒருமுறை பெற்றுச் செலவழிந்துபோவதற்கும் மாதந்தோறும் வருவதற்கும் உள்ள வேறுபாடு, முதுமையில் மானத்திற்கும் இரவிற்கும் உள்ள வேறுபாடேயாம். என் பாட்டனார் எவர் கடையிலும் கணக்கெழுதினாரல்லர்.

காமராசர் 1963 ஒக்டோபர் 2ஆம் நாள் கட்சிப் பணிக்காகத் தாமே பதவி துறந்தார். அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக அமர்ந்து, 1964இலும் 1966இலும் பாரதத்தின் தலைமையமைச்சர் தெரிவை நெறிப்படுத்தினார். அத்தகையவரே 1967இல் தம் சொந்த ஊரில் 1285 வாக்குகளால் தோல்வியுற்றார். பதவி துறந்த அதே ஒக்டோபர் 2ஆம் நாளில், 1975இல், மறைந்தார். சொத்தென்று சொல்லத்தக்கது எதனையும் அவர் விட்டுச் சென்றாரல்லர். அடுத்த ஆண்டு பாரத ரத்தினா விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

அவர் செயலில் குறையே இல்லையெனல் புகழ்ச்சியாய் முடியும். அத்திட்டம் சட்டமன்றச் சட்டத்தால் அன்றி அரசாணையால் வந்தது; ஆணையால் வந்ததை ஆணையே மாற்றவும் கூடும். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் புதிதாய்ப் பணியிற் சேர்ந்தோர், பழைய ஓய்வூதியத்திற்குப் புறம்பாய், பங்களிப்புத் திட்டத்துள் வைக்கப்பட்டனர். நம் நாட்டிலோ 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் பொறுப்பில் ஆக்கின. அச்சட்டங்களைப் பற்றிச் சமயத்தாரிடையே கசப்பு மிகுந்திருந்தது உண்மை. எனினும், பாடசாலையோடு அதன் ஆசிரியரும் அரசின் பொறுப்புக்குள் வந்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

இன்று யான் வெள்ளவத்தையிற் குடியிருக்கின்றேன். எங்கள் தெருவில் தனியார் கல்விக்கூடமொன்றிற் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், மாலையில் என்னிடம் நன்னூல் கேட்க வருவார். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி அவருக்குண்டு, ஓய்வூதியம் இல்லை. கடந்த திங்கள், தமக்கு அறுபது வயதாகும்போது என்ன கிடைக்கும் என்று அவர் என்னை வினவினார். ஒரு தொகை கிடைக்கும் என்றேன். அப்பொழுது கணக்கெழுதி நின்ற அம்முதிய ஆசிரியரே என் நினைவில் எழுந்தார்.

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர், அரசாங்க ஆசிரியர், உதவி பெறும் ஆசிரியர் என்ற வேலியைத் தாண்டிப் பார்த்தார். பட்டமும் பதவியும் பெற்ற நாம், இன்று வேலிக்கு வெளியே நிற்போரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களையும் சட்டத்தின் காவலுக்குள் கொணருமாறு நம் ஆசிரியர் சங்கங்கள் குரலெழுப்புமாயின், அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.