வேதநாயகம் சாஸ்திரியாரும் குற்றாலக் குறத்தியும்

தென்காசியினின்று குற்றாலத்துக்குச் செல்லும் வழியில் மேலகரம் என்னும் ஊர் இருப்பதை நம் சங்கத்து அங்கத்தினர் யாவரும் அறிவர். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்து வாழ்ந்த ஊர் அதுவே. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டு மகிழ்ந்த மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் மானியமாக வழங்கினார் என்பதும், அந்நிலம் குறவஞ்சிமேடு என்று பெயர் பெற்றது என்பதும் நம் பக்கத்துப் பிள்ளைகளும் சொல்லக்கூடிய செய்திகள். ஆனால் அக்குற்றாலத்துக் குறத்தி பின்னாளிலே தஞ்சைக்குப் போய்ப் பெத்லகேமின் புகழைப் பாடினாள் என்பதை அறிந்தோர் சிலரே. அவளை அழைத்துச் சென்றவர் திருநெல்வேலியிற் பிறந்த வேளாளர் குலத்துப் புலவர் ஒருவர். அவரே தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்.

பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. முன்சீப் 1826-ல் பிறந்தவர்; அக்காலத்தில் சாஸ்திரியார் ஐம்பதைக் கடந்த முதிய புலவர். இருவரும் கிறிஸ்தவர், இருவரும் பாடல் வல்லவர் என்பதால் ஒருவரை மற்றவராக எண்ணி எழுதுவோர் இன்றும் உளர்.

சாஸ்திரியார் 1774-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ந் தேதி திருநெல்வேலியிற் பிறந்தார். தந்தையார் அருணாசலம் பிள்ளை. சைவ ஒழுக்கமும் தமிழ்க் கல்வியும் உடைய குடும்பத்தவர். அவர் கிறிஸ்துமார்க்கத்தைத் தழுவித் தேவசகாயம் பிள்ளை என்று பெயர் பூண்டார். தாமும் கவி புனைய வல்லவர். அந்நாளில் பாளையங்கோட்டையிலே குளோரிந்தாள் என்னும் பிராமண விதவை ஒருத்தி ஞானஸ்நானம் பெற்று, சிறு சபையொன்றைத் தாங்கி வந்தாள். 1780-ம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்தவர் நாற்பதுபேர் மாத்திரமே. பிராமணத்தியும், வேளாளரும், பிற பல சாதியாரும் அந்த நாற்பதின்மருள் அடங்குவர். இன்று திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஊர்தோறும் கோபுரமுயர்ந்து நிற்கும் சபைகளுக்கெல்லாம் வித்து அந்த நாற்பது பெயரே. சிறுவர் வேதநாயகம் கண்விழித்துப் பார்த்த சபை அத்தகையது. இதனை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் இது நமக்கு வேண்டியிருக்கும்.

சுவார்ட்ஸ் ஐயர் என்னும் ஜெர்மானியப் போதகர் 1785-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். சிறுவனுடைய கூர்மையைக் கண்டு, தந்தையாரின் சம்மதத்தோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். தாயை இளமையிலேயே இழந்த பிள்ளைக்கு அந்தத் துறவியே தாயுமானார், தந்தையுமானார் எனல் மிகையன்று. தஞ்சையிலே கல்வி பயின்று, பின் தரங்கம்பாடியிலே வேதசாஸ்திரமும், வானநூலும், உடற்கூறும், கணிதமும் கற்றார். இருபது வயதளவில் தஞ்சைக்குத் திரும்பி மிஷன் பாடசாலையின் தலைமையாசிரியரானார். சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற மற்றொரு பிள்ளை மராட்டிய அரச குலத்தவர். 1798-ல் தஞ்சை அரசுகட்டிலேறிய இரண்டாம் சரபோசி மன்னர் அவரே. ஒரு குருவினடியில் வளர்ந்த இருவருள் ஒருவர் வேந்தராகவும் ஒருவர் கவியாகவும் அமைந்தனர். அவ்வாண்டு பிப்ரவரியிலேயே குரு இறந்தார். மன்னர் தம் குருவுக்குச் சலவைக்கல்லிலே நினைவுச் சிற்பம் செய்வித்தார்.

1800-ல் எழுந்தது கவியின் பெத்லகேம் குறவஞ்சி.

குற்றாலக் குறவஞ்சியின் கதையை நம்மவர்க்கு விரிக்க வேண்டுவதில்லை. குற்றாலநாதர் பவனி வருகிறார், பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி கண்டு மையல் கொள்கிறாள், கூடையும் மாத்திரைக்கோலுமாய் மலைக்குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்கிறாள், பரிசு பெறுகிறாள். அவளைத் தேடிச் சிங்கன் வருகிறான். இதே சட்டத்தைத்தான் சாஸ்திரியார் எடுத்துக்கொண்டார். ஆனால் திரிகூடமலை நின்ற இடத்திலே சீயோன் மலை நின்றது. குற்றாலநாதர் பவனி வந்த வீதியிலே பெத்லகேமின் நாதர் பவனி வந்தார். வசந்தவல்லிக்குப் பதிலாகச் சீயோன் குமாரத்தியாகிய தேவமோகினி காதல் கொண்டாள், அவள் திருச்சபை. குறி சொல்ல வந்தவள் விசுவாசச் சிங்கி. அவளைத் தேடி வந்தவன் ஞானச் சிங்கன். அவன் வலைவீசி ஆன்மாக்களைப் பிடிக்கும் குரு. உலகத்துத் தேசங்களையும், சூரியனைச் சுற்றும் கிரகங்களையும், தரங்கம்பாடியிற் கற்ற புதிய வானநூலையும் இடையிடையே கவி புகுத்தினார். இவ்விடங்களிற் பாட்டின் சுவை சிறிது குன்றிப் பள்ளிக்கூட வாசனை வீசுகிறது என்பது எம் கருத்து. சரபோசி மன்னரும் பூகோளத்தை வைத்தே தேவேந்திரக் குறவஞ்சி என்று மராட்டியில் ஒன்று செய்தார். அக்காலத்துத் தஞ்சையின் பித்து அது போலும்.

நிற்க. இந்நூலிற் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. திருச்சபையை உயர்குலத்து மங்கையாக்கிய கவி, விசுவாசத்தை யாராக்கினார்? குறத்தியாக. மலையிலே தேனெடுத்து, கிழங்ககழ்ந்து, ஊரூராய்த் திரிந்து, வாயிற்புறத்திலே நின்று அரிசிக்குக் குறி சொல்பவளாக. அவளை வீட்டினுள்ளே அழையாத மனிதர் அன்று எத்தனையோ பேர். அத்தகையவள் நீட்டச் சொன்னவுடன் சீயோன் குமாரத்தி கை நீட்டுகிறாள். தலைவன் யாரென்றும், அவன் எப்போது வருவானென்றும் குறத்தி சொல்லித்தான் குமாரத்தி அறிகிறாள்.

கிறிஸ்து சமயத்தின் கருத்து இதில் முழுவதும் அடங்கிவிட்டது என்றே சொல்லலாம். அவர்தம் வேதத்தின்படி தேவகுமாரன் அரண்மனையிற் பிறக்கவில்லை, மாட்டுத்தொழுவத்திற் பிறந்தார். அச்செய்தி முதலில் ஆசாரியர்க்கு அறிவிக்கப்படவில்லை. இரவிலே கிடைகாத்துக் கிடந்த இடையர்க்கு அறிவிக்கப்பட்டது. அவர் சேர்த்துக்கொண்ட சீடர் மீன்பிடிப்பார்; உடனிருந்து உண்டவர் ஆயம் வாங்குவாரும் பாவிகளென்று ஊரார் தள்ளியவரும். கிருபை என்று கிறிஸ்தவர் வழங்கும் சொல்லின் பொருள், தகுதி பாராமல் வரும் தயவு என்பதே. குலமும் கல்வியும் தவமும் அதற்கு விலையாகா. நம் சைவப் பெரியோரும் திருவருளைப்பற்றி இதற்கு அயலான கொள்கை உடையவரல்லர். கண்ணப்பர் வேடரென்பதை நாம் மறந்தோமல்லோம். ஆகவே குற்றாலக் குறத்தி பெத்லகேமுக்குப் போனதில் ஆச்சரியமில்லை. அவள் போகவேண்டிய ஊரே அது.

சாஸ்திரியார் பாடியவை இஃதொன்றல்ல. நோவாவின் பேழையைப் பொருளாகக் கொண்ட ஞானத்தச்ச நாடகம், ஜெபமாலை, பேரின்பக் காதல், சாஸ்திரக் கும்மி முதலியன பல. இவற்றுள் ஞான ஏற்றப்பாட்டு என்பதைத் தனியே சொல்லவேண்டும். பண்டிதர் சபைக்கு அந்தாதியும் கலம்பகமும் பாடுவதே புலவர் பெருமையென்றிருந்த காலம் அது. இவரோ துலாமேறி நீரிறைப்பவன் பாடும் மெட்டிலே வேதகதையை அமைத்தார். கும்மியடிக்கும் பெண்டிர்க்கும் பாட்டுக் கொடுத்தார். எழுதப்படிக்கத் தெரியாதாரும் பாடி மனத்திற் பதித்துக்கொள்ள இவை உதவின. தாமே குழுவோடு ஊர்தோறும் சென்று கதையாகவும் பாட்டாகவும் நடத்தினார். சபையார் இவரைச் சுவிசேட கவிராயர் என்றும், வேத சாஸ்திரியார் என்றும் பட்டஞ்சூட்டிப் பாராட்டினர். பின்னதே பெயரோடு ஒட்டி நின்றது.

இனி, எழுதாமல் விட்டால் எளிதாயிருக்கும் ஒரு பகுதியை எழுதவேண்டியிருக்கிறது. சாதிச் சங்கமொன்றின் பத்திரிகையிலே இதனை மறைத்தல் முறையன்று.

சுவார்ட்ஸ் ஐயர் காலத்துக்குப் பின் தஞ்சைக்கு வந்த இளம் போதகர்கள் பழைய ஏற்பாடுகளை மாற்றத் தொடங்கினர். அதுவரையில் தஞ்சைக் கோவிலிலே வேளாளக் கிறிஸ்தவர் ஒருபுறமும், தாழ்த்தப்பட்ட குலத்துக் கிறிஸ்தவர் மறுபுறமும் அமர்ந்தனர். நற்கருணைப் பந்தியிலும் முன்னவர் முதலிலும் பின்னவர் பிறகும் வாங்கினர். ஹாப்ரோ ஐயர் இவ்வேறுபாடு கூடாதென்றார். சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். சாதியாசாரம் உலகவழக்கே என்றும், அதற்கும் ஆன்ம இரட்சிப்புக்கும் பகையில்லை என்றும் நூலெழுதி வாதித்தார். 1829-ல் எழுதிய முறையீட்டில் புதிய போதகர்மேல் நான்கு குற்றங்களை அடுக்கினார். வேத மொழிபெயர்ப்பையும் பழைய நூல்களையும் திருத்துகிறார்கள். பந்தியிலே சாதிகளைக் கலக்கிறார்கள். விழாவிலும் கலியாணத்திலும் சாவிலும் பூவை விலக்குகிறார்கள். தமிழ்ப் பாட்டையும் இசையையும் வழிபாட்டினின்று நீக்குகிறார்கள் என்பன அவை. இச்சச்சரவிலே மிஷன் உத்தியோகமும் போயிற்று.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தகாது. பூவும் இசையும் பற்றி அவர் சொன்னது முற்றும் நியாயம். தமிழன் கிறிஸ்தவனாவதற்கு நாதசுரத்தையும் முல்லைப்பூவையும் துறக்கவேண்டுமென்று எந்த வேதம் விதித்தது? மொழிபெயர்ப்பைப்பற்றியது புலவர்க்குரிய வழக்கு. இரு பக்கமும் பேச இடமுண்டு. பந்தியைப்பற்றியதோ வேறு. குறத்தி கையைப் பிடிக்கத் தேவமோகினியை இசைவித்த அதே கவி, பறையர் குலத்துச் சகோதரர் வாய்வைத்த பாத்திரத்தை அடுத்து வாங்க இசையவில்லை. நாடகத்திலே ஒப்புக்கொண்டதை நடையிலே ஒப்புக்கொள்ளவில்லை. திருநெல்வேலியிலோ, 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ் ஐயர் தம் பாடசாலையிலே எல்லாச் சாதி மாணவரும் ஒருங்கே உண்ணவேண்டுமென்று பிடிவாதமாய் நின்றார். குளோரிந்தாளின் பதிவேட்டிலே நாற்பது பெயர் ஒரே ஏட்டில் நின்றதை நாம் மேலே நினைவிற்கொள்ளச் சொன்னது இதற்காகவே. அந்தச் சபையின் பிள்ளை தஞ்சைக்குப் போய் இவ்வாறு வாதித்தார் என்பது நமக்கு வருத்தமே.

அக்காலத்து வழக்கம் அதுவென்று சிலர் சமாதானம் சொல்வர். எம்மால் அதனை முழுவதும் ஏற்க இயலவில்லை. அக்காலத்திலேயே அது தவறென்று சொன்னவர் உளர், கேட்டுத் துன்பப்பட்டவரும் உளர். ஆயினும் ஒரு நியாயம் சொல்லலாம். கிருபை தகுதி பாராமல் வருவதாயின், அது சாஸ்திரியாரையும் அவர்தம் பிடிவாதத்தோடேயே ஏற்றுக்கொண்டிருக்கவேண்டும். 1833-ல் கல்கத்தாப் பிஷப் வில்சன் சபையினுள்ளே சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். 1835-ல் தஞ்சைக்கே நேரில் வந்தார். வேளாளர் பலர் சபையைவிட்டு விலகினர். பாட்டிலே சாஸ்திரியார் வென்றார்; பந்தியிலே தோற்றார். இரண்டும் நன்மைக்கே ஆயின.

மிஷன் கைவிட்ட காலத்தில் தாங்கியவர் பழைய தோழரான சரபோசி மன்னரே. அவர் சாஸ்திரியாரை அரண்மனைப் புலவராக அமர்த்திச் சம்பளம் அளித்தார். மன்னர் தம் தெய்வத்தின்மேற் பாடுமாறு கேட்டபோது சாஸ்திரியார் மறுத்தார் என்றும், மன்னர் அதனால் நட்பு மாறவில்லை என்றும் அவர் வழியினர் வழங்குவர். பாடாத புலவரை வைத்துக் காத்த வேந்தரின் பெருந்தன்மையும் போற்றத்தக்கது. 1832-ல் சரபோசி இறந்தபின் வறுமை சூழ்ந்தது. அதிலும் பாடுதலையோ ஊர்ப் பிரயாணத்தையோ அவர் விடவில்லை.

முதுமையிலே ஓர் ஆறுதல் கிடைத்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் என்பவர் மேனாட்டு மெட்டுப் பாடல்கள் தமிழ்ச் செவிக்கு ஏறவில்லை என்று கண்டு, சாஸ்திரியாரின் துணையை நாடினார். 1853-ல் அவர் வெளியிட்ட கீர்த்தனைத் திரட்டிலே சாஸ்திரியார் பாடல்கள் மிகுதியாக இடம்பெற்றன. போதகர்கள் விலக்கிய இசை, போதகர் ஒருவர் கையாலேயே கோவிலுக்குள் மீண்டது. அத்திரட்டின் வழிவந்த பதிப்புக்களே இன்று தமிழ்ச் சபைகளெங்கும் வழங்குகின்றன. தென்காசியிலும், சுரண்டையிலும், பீடி சுருட்டும் கைகள் நிறைந்த சிற்றூர்ச் சபைகளிலும் ஞாயிறுதோறும் அவர் பாட்டு ஒலிக்கிறது. பாடுவோருட் பெரும்பாலோர், தஞ்சைக் கோவிலிலே அவரோடு ஒரே பாயில் அமர அந்நாளில் இடம்பெற்றிரார்.

சாஸ்திரியார் 1864-ம் ஆண்டு ஜனவரி மாதம் 24-ந் தேதி, தொண்ணூறாம் வயது நடக்கையில், தஞ்சையிலே காலமாயினார். அவர் மரபினர் தலைமுறைகளாகக் கதாகாலட்சேபம் நடத்தி அப்பாடல்களைக் காத்து வந்தனர். பெத்லகேம் குறவஞ்சி அச்சிலும் வெளிவந்திருக்கிறது. நம் அங்கத்தினர் அதனையும் குற்றாலக் குறவஞ்சியையும் அருகருகே வைத்து, குறத்தி வாசலில் வந்து நிற்கும் பகுதியை முதலிற் படிக்குமாறு வேண்டுகிறோம்.